ஐந்து மாதம் ஓய்ந்திருந்த அவுட்போர்டு எஞ்சின்: மூன்று கார்புரேட்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 16 அடி நீள ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. எஞ்சின், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு வகை: 40 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், மூன்று கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்). எண்ணெயைப் பெட்ரோலில் நானே கலந்து, 24 லிட்டர் கைத்தொட்டியில் ஊற்றிக்கொள்கிறேன். வேலை நிமித்தம் ஐந்து மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எஞ்சின், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால்தான் கிளம்புகிறது. சோக்கை விட்டால் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. எப்படியோ வேகமெடுத்து உபின் தீவுப் பக்கம் போனாலும், முழு வேகத்தில் சில நிமிடங்களிலேயே இழுவை குறைந்து திணறுகிறது. எரிபொருள் ஹோஸில் உள்ள பிரைமர் பல்பை (பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் குமிழ்) கையால் அழுத்தினால் மறுபடி வேகம் பிடிக்கிறது. ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றிவிட்டேன், பயனில்லை. பட்டறையில் மூன்று கார்புரேட்டரையும் புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகுமாம். நண்பர் ஒருவர் கார்புரேட்டரின் கலவைத் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பினால் போதும் என்கிறார். ராமநாதபுரத்தில் கடலுக்குப் போகும் என் மைத்துனர், பெட்ரோலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்த்து ஓட்டினால் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பாகம்) சுத்தமாகிவிடும் என்கிறார். 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். நானே கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா?
— சாங்கி வட்டார வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. மெதுவோட்டத்தில் சோக் இல்லாமல் தொடர்ந்து ஓட முடியாதது ஒன்று. முழு வேகத்தில் சில நிமிடங்களில் திணறுவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் இருக்கிறது. இரண்டாவது, நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், கார்புரேட்டருக்கு வந்து சேர்வதற்கு முன்பே, தொட்டிக்கும் எரிபொருள் பம்புக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பட்டறை சொன்னபடி மூன்று கார்புரேட்டரையும் மாற்றினால் முதல் கோளாறு தீர்ந்துவிடலாம். ஆனால் ஆயிரம் வெள்ளியைச் செலவழித்த பிறகும் உபின் அருகே அதே திணறல் வந்து நிற்கும். ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

இரண்டையும் ஏன் பிரித்துப் பார்க்கிறேன் என்பதற்குக் கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பம்பிலிருந்து வரும் பெட்ரோல் முதலில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் சேர்கிறது. கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைப் போன்ற ஒரு மிதவை அங்கே இருக்கிறது. மட்டம் உயர்ந்ததும் அது ஊசி வால்வைத் தூக்கி வரத்தை அடைக்கிறது, மட்டம் தாழ்ந்ததும் திறக்கிறது. கிண்ணத்திலிருந்து காற்றுக்குழாய்க்குப் பெட்ரோல் ஏறுவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. வேகமாக ஓடும்போது பெரிய ஜெட் வழியாக ஏறுகிறது. மெதுவோட்டத்தில், அதாவது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில், பைலட் ஜெட் என்னும் சிறிய ஜெட் வழியாகவும், த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி இருக்கும் மயிரிழை அளவுத் துளைகள் வழியாகவும் ஏறுகிறது. சிறிய வழி அடைபட்டால் எஞ்சின் மெதுவோட்டத்தில் ஓடாது, ஆனால் வேகத்தில் ஓடும். சோக்கை இழுத்தால் காற்று குறைந்து உறிஞ்சல் கூடுவதால், அடைபட்ட வழியிலும் கொஞ்சம் பெட்ரோல் இழுக்கப்பட்டு எஞ்சின் தாக்குப்பிடிக்கிறது. சூடான எஞ்சினுக்கும் சோக் தேவைப்படுகிறது என்றால் மெதுவோட்டக் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதே பொருள்.

ஐந்து மாதத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய எஞ்சின் உறைக்குள் இருக்கும் கிண்ணத்துப் பெட்ரோலின் இலகுவான பகுதிகள் முதலில் ஆவியாகிவிடும். மிச்சம் பிசுபிசுப்பான வார்னிஷ் போலப் படியும். நீங்கள் எண்ணெய் கலந்து ஓட்டுகிறவர் என்பதால் பெட்ரோல் போனபின் எண்ணெயும் கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்த பசை முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான். பாதி நிரம்பிய தொட்டியில் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகவும் சேர்ந்திருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, ஆகவே அது கிண்ணத்தின் அடியில் தங்கி, உலோகத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும்.

சோதனைகளைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த நிலையில் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக அடிப்பாகத்தில் இருக்கிறது; உங்கள் எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. ஒரு கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்கு எண்ணெயும் குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை சூட்டைக் கூட்டுகிறது, எண்ணெய்க் குறைவு உராய்வைக் கூட்டுகிறது. மற்ற இரண்டு சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டு ஓடும்போது பட்டினி கிடக்கும் சிலிண்டரில் பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொண்டால், அதன்பிறகு பேச்சு கார்புரேட்டரைப் பற்றியதாக இருக்காது. போதாக்குறைக்கு, ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் எஞ்சின் நின்றால் மீன்பண்ணைகள், சாங்கிக்கும் உபினுக்கும் இடையே ஓடும் பம்போட்டு என்னும் பயணிகள் படகுகள், பெரிய கப்பல்கள், நீரோட்டத்தில் எல்லைக்கு அப்பால் அடித்துச் செல்லப்படும் வாய்ப்பு எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

முதலில் எஞ்சினின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளக் மூன்றையும் கழற்றி, அவற்றின் ஒயர்களை எஞ்சின் உடலோடு இணைத்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, கம்ப்ரஷன் கேஜால் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கருவி) ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக மேலே செல்லலாம். ஒரு சிலிண்டர் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் கார்புரேட்டரில் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிற எந்த ஆலோசனையையும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

அடுத்து, தீப்பொறி. பிளக் புதிது என்பதால் தீப்பொறி சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலிலும் கோளாறு இருக்கலாம். ஸ்பார்க் டெஸ்டரில் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, மூன்று ஒயர்களிலும் நீல நிறத்தில் பளிச்சென்று தாவுகிறதா என்று பாருங்கள். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால், டெஸ்டரைத் துளைக்கு அருகில் பிடிக்காதீர்கள். நீங்கள் கழற்றிப் போட்ட பழைய பிளக்குகளை இன்னும் எறியவில்லை என்றால் அவற்றையும் எடுத்துப் பாருங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. வெளுத்துப்போன முனை பெட்ரோல் குறைந்ததைக் காட்டும். கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்ததையோ தீப்பொறி இல்லாததையோ காட்டும். எந்த பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வைக்காமல் மாற்றியிருந்தால் அந்தச் சான்று போய்விட்டது, பரவாயில்லை.

இனி இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்: கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகு அழுக்குப் பெட்ரோலை மறுபடி அனுப்பினால் செய்த வேலை வீண். முழு வேகத்தில் திணறும்போது பிரைமர் பல்பை அழுத்தியதும் வேகம் திரும்புகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது மிகப் பயனுள்ள தகவல். அழுத்தும்போது பம்பின் வேலையை உங்கள் கை செய்கிறது. பெட்ரோல் வந்து சேர்ந்ததும் ஜெட்டுகள் அதைக் கடத்துகின்றன. எனவே பெரிய ஜெட்டுகள் ஓரளவு திறந்தே இருக்கின்றன, வரத்துதான் போதவில்லை. கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோலில் சிறிது நேரம் ஓடி, அது தீர்ந்ததும் திணறத் தொடங்குகிறது. "சில நிமிடங்கள்" என்று நீங்கள் எழுதியதும் இதோடு பொருந்துகிறது.

அடுத்த முறை திணறும்போது அழுத்துவதற்கு முன் பல்பைத் தொட்டுப் பாருங்கள். அது சப்பையாக உள்வாங்கியிருந்தால் அடைப்பு தொட்டிப் பக்கம் இருக்கிறது: கைத்தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம் (அனுபவசாலிகளும் மறப்பதுண்டு), அல்லது தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலையில் பசை படிந்திருக்கலாம். பல்ப் உள்வாங்காமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று உள்ளே இழுக்கப்படுகிறது; பெரும்பாலும் இணைப்பியில் இருக்கும் சிறிய ஓ-ரிங், அல்லது வெயிலில் வெடித்த ஹோஸ், அல்லது பல்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு. பல்பு கெட்டியாக இருந்தும் எஞ்சின் திணறினால், பிரச்சினை அதற்கும் அப்பால், எஞ்சினில் உள்ள வடிகட்டியிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பல்பை அழுத்த அழுத்தக் கெட்டியாகாமல், கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் வழிந்தால், ஊசி வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பல்பில் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். முதலில் நிரப்பும்போது அம்பு மேல்நோக்கும்படி பிடித்து அழுத்தினால் வால்வுகள் ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட எளிதான ஒரு வழி உண்டு. உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் இணைப்பி உள்ள வேறொரு தொட்டியையும் ஹோஸையும் நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, புதிய பெட்ரோலை நிரப்பி, 50 பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய் என்றால் 24 லிட்டருக்கு 480 மில்லிலிட்டர் என்ற கணக்கில் (உங்கள் கையேடு வேறு விகிதம் சொன்னால் அதன்படி) கலந்து, நடுத்தர வேகத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் டிசி-டபிள்யூ3 தரக்குறி உள்ள படகு எண்ணெயாக இருக்கட்டும்; காற்றால் குளிரும் மோட்டார்சைக்கிளுக்கான எண்ணெய் இதற்கு உகந்ததல்ல. முன்பு அதே வேகத்தில் திணறிய எஞ்சின் இப்போது திணறவில்லை என்றால், குற்றவாளி உங்கள் தொட்டியோ ஹோஸோதான். அவற்றைப் புதிதாக மாற்றுவதற்கு ஆகும் செலவு கார்புரேட்டர் விலையின் பக்கத்தில்கூட வராது. திணறல் தொடர்ந்தால் எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்பைப் பாருங்கள். இவ்வகை பம்ப் மின்சாரத்தால் ஓடுவதில்லை; பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள கிராங்க் கேஸ் அறையில் ஏறி இறங்கும் அழுத்தத்தால் ஒரு மெல்லிய டயாஃப்ரம் துடித்துப் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்தச் சவ்வு விறைத்துப்போனாலோ ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலோ மெதுவோட்டத்துக்குப் போதும், வேகத்துக்குப் போதாது என்ற நிலை வரும். டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) அடங்கிய பழுதுநீக்கப் பொதி தனியாகக் கிடைக்கிறது. பழைய எஞ்சின் என்றால், சோதனையில் தேறினாலும் தேறாவிட்டாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் அது தண்ணீர். எண்ணெயின் சாயம் நிறத்தை மறைத்துவிடும் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். கெட்டுப்போன பெட்ரோலில் பெயின்ட் கடை வாசனை வரும். ஐந்து மாதப் பெட்ரோல் எப்படியிருந்தாலும் அதை எஞ்சினுக்குத் தராதீர்கள். சாக்கடையிலோ கடலிலோ கொட்டுவது சட்டப்படி குற்றம். கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையிடம் கொடுங்கள். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால், இதோடு ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

இனி கார்புரேட்டர். நீங்களே செய்யலாம், அவசரப்படாதவராக இருந்தால் போதும். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வெளிநடையிலோ குளியலறையிலோ செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் தீப்பொறியைத் தேடிப் போகும். படகு நிறுத்தியிருக்கும் கிளப்பில் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய திறந்த இடத்தில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள், குறிப்பாக மூன்று கார்புரேட்டரின் த்ராட்டிலையும் இணைக்கும் கம்பிகளை. மேல், நடு, கீழ் என்று ஒவ்வொன்றிலும் குறி வைத்து, மூன்று தனித்தனித் தட்டுகளில் பிரித்துப் போடுங்கள். சில எஞ்சின்களில் மூன்றுக்கும் ஜெட் அளவு ஒன்றாக இருப்பதில்லை, மாற்றி மாட்டினால் புதுக் கோளாறு ஒன்று பிறக்கும். கலவைத் திருகைக் கழற்றும் முன், அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். உட்கார்ந்தபின் அழுத்தினால் திருகின் முனையும் அது உட்காரும் துளையும் கெட்டுவிடும். கார்புரேட்டரைப் புதிதாக வாங்க வைக்கும் உண்மையான காரணங்களில் அதுவும் ஒன்று.

கிண்ணத்தைத் திறந்ததும் துடைக்காமல் முதலில் பாருங்கள். பசை மட்டும் இருந்தால் சுத்தம் செய்தாலே தீரும். வெள்ளைத் தூளும் குழியும் தெரிந்தால் தண்ணீர் நெடுநாள் தங்கியிருக்கிறது. மிதவை, ஊசி வால்வு, ஜெட்டுகள், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே உலோக உடலில் கார்புரேட்டர் கிளீனரை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் அந்தத் திரவத்தில் ஊறினால் கெட்டுவிடும். கண்ணாடி அணியுங்கள், ஒரு துளையில் அடித்தால் மறு துளை வழியாக நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஜெட் பித்தளையால் ஆனது, அதன் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து இடப்பட்டது. கம்பி, ஊசி, துரப்பணம் எதையும் உள்ளே விடாதீர்கள். மீன்பிடிக்கிறவராக இருந்தால் உங்களிடமே சரியான கருவி இருக்கிறது: துளைக்குப் பொருந்தும் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு. அதைக் கிளீனரில் நனைத்து நுழைத்து இழுத்துவிட்டு, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பைலட் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் பலர். அந்த ஜெட்டுக்குப் பிறகு, த்ராட்டில் தகட்டின் விளிம்பில் திறக்கும் சிறு துளைகளும் உடலுக்குள் ஓடும் நுண்வழிகளும் இருக்கின்றன. அங்கே அடைப்பு இருந்தால் கழற்றி மாட்டிய பிறகும் சோக் இல்லாமல் எஞ்சின் ஓடாது. கலவைத் திருகின் துளை வழியாகக் கிளீனரை அடித்தால் அந்தச் சிறு துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகப் பீய்ச்ச வேண்டும். அது நடக்கும்வரை ஊறவைத்து, ஊதி, மறுபடி அடிக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால் அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் பட்டறையில் அந்த உலோக உடலை மட்டும் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய கார்புரேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

ஊசி வால்வின் முனையில் வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கக் கூடாது. மிதவையின் உயரத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். உயரம் குறைந்தாலும் கூடினாலும் கலவை எல்லா வேகத்திலும் தவறும். மாட்டிய பிறகு, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் நுழையும் குழாயில் புதிய ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகி வாயால் மெல்ல ஊதினால் காற்று போகக் கூடாது. நேராகப் பிடித்தால் போக வேண்டும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். சிலிக்கான் பசை தடவாதீர்கள். பெட்ரோலில் அது ஊறி உதிர்ந்து, நீங்கள் பாடுபட்டுத் திறந்த அதே துளையில் போய் உட்காரும்.

உங்கள் நண்பர் சொன்ன அரைச் சுற்று யோசனையைப் பற்றி: கலவைத் திருகு இரு வகைப்படும். காற்று நுழையும் பக்கம் இருக்கும் திருகு பெரும்பாலும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதை வெளியே திருப்பினால் காற்று கூடி, பெட்ரோலின் பங்கு குறையும். த்ராட்டில் தகட்டைத் தாண்டி எஞ்சின் பக்கம் இருப்பது கலவையையே கட்டுப்படுத்துகிறது. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். உங்களுடையது முதல் வகையாக இருந்தால், ஏற்கனவே பெட்ரோல் போதாத சிலிண்டருக்கு நண்பரின் யோசனை இன்னும் குறைத்துவிடும். எந்த வகையாக இருந்தாலும், திருகு தானாகத் திரும்பிக்கொள்வதில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அதே அளவில் நன்றாக ஓடிய எஞ்சின் இன்று ஓடவில்லை என்றால் மாறியது வேறு ஏதோ.

மைத்துனரின் யோசனை அவருடைய கடலுக்குப் பொருந்தும். தமிழகக் கரையோரத்தில் பல வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் இருக்கின்றன. அவை பெட்ரோலில் கிளம்பிச் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறும்படி, குறைந்த கம்ப்ரஷனோடு வடிவமைக்கப்பட்டவை. உங்கள் பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் குறைந்து தட்டல் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும். பிஸ்டனுக்குக் கேடு, ஜெட்டும் சுத்தமாகாது. 98 பெட்ரோலால் தீங்கில்லை, ஆனால் பயனும் இல்லை. ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் அளவே தவிர, கழுவும் திறன் அல்ல. இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கு 92 போதும், 95 தாராளம்.

பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று கார்புரேட்டரைப் பிரித்து, ஊறவைத்து, சோதித்து, மாட்டி, சரியாக வராவிட்டால் மறுபடி பிரிப்பதற்கு ஒரு நாள் கூலி ஆகிவிடும். சிங்கப்பூரில் கூலி மலிவல்ல, புதியதை மாட்டினால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்று அவர் கணக்குப் போடுகிறார். ஆனால் உடலில் அரிப்பால் ஓட்டை விழுந்திருந்தாலோ, த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ, திருகின் துளை கெட்டிருந்தாலோ தவிர, கார்புரேட்டரை மாற்றத் தேவையில்லை. அப்படி இருந்தாலும் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாம். விலையைப் பார்த்துப் பெயர் தெரியாத மலிவான கார்புரேட்டரை இணையத்தில் வாங்குவதைவிட, அசல் ஜெட்டுள்ள பழையதைச் சுத்தம் செய்து மாட்டுவதையே நான் விரும்புவேன்.

மாட்டியபின் மூன்று த்ராட்டில் தகடுகளும் ஒரே நேரத்தில் மூடி, ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று இணைப்புக் கம்பிகளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். ஒன்று மட்டும் மயிரிழை திறந்திருந்தாலும் மெதுவோட்டம் சீராக வராது. கலவைத் திருகை நீங்கள் எழுதி வைத்த சுற்றிலிருந்தே தொடங்குங்கள். எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் துளைகளைக் கவ்விக்கொள்ளும் காதுமூடி போன்ற கருவியில் குழாய்த் தண்ணீர் கொடுத்து மெதுவாகக் கிளப்பிப் பார்க்கலாம், ஆனால் இறுதி அமைப்பை எஞ்சின் சூடானபின், புரொப்பெல்லர் தண்ணீருக்குள் கியரில் சுழலும் நிலையில், படகைக் கட்டிவைத்தே செய்ய வேண்டும். சுமை இல்லாத ஓட்டத்தில் சரியாகத் தெரிவது சுமையில் பெட்ரோல் போதாமல் திணறும். தண்ணீர் இல்லாமல் சில நொடிகள்கூட ஓட்ட வேண்டாம், குளிர்நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் எரிந்துவிடும்.

மூன்றும் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்ய, எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரை எஞ்சின் உடலோடு இணைத்து அந்தச் சிலிண்டரை முடக்கிவிட்டு, மறுபடி கிளப்பிச் சற்று உயர்ந்த மெதுவோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். வேகம் தெளிவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. வித்தியாசமே இல்லை என்றால் அது சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தது, அந்தக் கார்புரேட்டரை மட்டும் மறுபடி கழற்ற வேண்டும். இதே சோதனையை வேலை தொடங்கும் முன்பும் செய்து பார்த்தால் எந்தக் கார்புரேட்டருக்கு அதிகக் கவனம் தேவை என்று தெரிந்துவிடும். பிறகு கடலில் முதல் ஓட்டத்தைக் கரைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, நங்கூரம், துடுப்பு, விஎச்எஃப் வானொலி ஆகியவற்றோடு, இன்னொரு படகு துணைக்கு வர, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மறுபடி நீண்ட நாள் ஊரில் இல்லாமல் போக நேர்ந்தால், புதிய பெட்ரோலில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து பத்து நிமிடமாவது ஓட்டி, அது கார்புரேட்டர்வரை வந்து சேர்ந்த பிறகு நிறுத்துங்கள். பழைய பெட்ரோலில் ஊற்றும் ஸ்டெபிலைசர் அதைப் புதிதாக்காது. ஹோஸைக் கழற்றி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காயவைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. மூன்று கார்புரேட்டர் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எனக்கு அதில் உடன்பாடில்லை: மூன்றும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை, கடைசியாக ஓடும் சிலிண்டர்கள் எண்ணெய் குறைந்த நிலையில் ஓடுகின்றன, அப்படியும் கிண்ணத்தின் அடியில் மிச்சம் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் உள்ள வடிதிருகைத் திறந்து ஒரு சிறு பாத்திரத்தில் வடித்துவிடுவதே முறை.

இவ்வளவும் செய்து, கம்ப்ரஷனும் தீப்பொறியும் வரத்தும் சரியாக இருந்து, சிறு துளைகள் எல்லாம் பீய்ச்சியும் மெதுவோட்டம் நிலைக்கவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று கசிகிறதா என்று, எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி மட்டும் சோப்பு நீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள்; ஓட்டத்தின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். அதுவும் இல்லை என்றால் அதற்குப் பின்னால், கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கலாம், அல்லது கிராங்க் சீல் தேய்ந்திருக்கலாம். அந்தக் கட்டத்தில் பட்டறைக்குக் கொண்டு போங்கள். போகும்போது மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவுகளையும், எந்த ஒயரை முடக்கியபோது என்ன ஆயிற்று என்பதையும், பல்ப் எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அதே சோதனைகளுக்கு நீங்கள் மறுபடி கூலி கொடுக்க வேண்டியிருக்காது.